பாளையமும் டவுனும்: பெங்களூரு ஃபிரேசர் டவுனின் மனைகளும் முதற்குடிகளும்

ஒரு குடியிருப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கட்டடங்களும் ஆவணங்களும் சான்றாவது போன்றே அங்கு வழங்கும் சொற்களும் சான்றாகும். கட்டடம் இடிக்கப்படலாம்; ஆவணம் ஆட்சியாளரின் மொழியில், ஆட்சியாளரின் நோக்கில் மட்டுமே எழுதப்பட்டிருக்கலாம். அங்கு வாழ்ந்தவரும் வீடு கட்டியவரும் ஆண்ட சொல் பல வேளைகளில் இவ்விரண்டையும் கடந்து நிற்கிறது. பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதிக்கு வடகிழக்கில் அமைந்த ஃபிரேசர் டவுன் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கிய இக்குடியிருப்பின் அடிக்கல் ஒரு முதலியாரின் மனையில் நாட்டப்பெற்றது. அதன் வீடுகளுக்கு உருக்கொடுத்ததில் அழகுணர்ச்சியை விட எலியைப் பற்றிய அச்சத்திற்கே பங்கு மிகுதி. இவ்விரு செய்திகளையும் ஒருசேர நோக்கினால், ‘டவுன்’ என்னும் சிறு சொல்லை மொழிபெயர்ப்பதுகூட எளிய செயலன்று என்பது புலனாகும்.

தண்டும் பேட்டையும்

பெங்களூரு நெடுங்காலம் ஈரூராக இருந்தது. 1537இல் கெம்பெ கவுடர் நிறுவியதாகக் கொள்ளப்படும் பழைய வணிக ஊர் ‘பேட்டை’ எனப்பட்டது. 1809இல் ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து அல்சூர்ப் பக்கத்திற்கு வந்து தங்கியதும் தோன்றிய பகுதி ‘தண்டு’ எனப்பட்டது. தண்டு என்பது படையைக் குறிக்கும் சொல். தண்டெடுத்தல், தண்டநாயகன் முதலிய ஆட்சிகள் தமிழில் பழையன. கன்னடத்திலும் இதுவே வழக்கு. இன்றும் பெங்களூரு கண்டோன்மென்ட் இரயில் நிலையத்தின் கன்னடப் பெயர்ப்பலகையில் ‘தண்டு’ என்றே எழுதப்பட்டுள்ளது. கோயம்புத்தூரில் தண்டு மாரியம்மன் வழிபடப்படுவது போலப் பெங்களூரின் சிவாஜி நகரிலும் தண்டு மாரியம்மன் வழிபடப்படுகிறாள். படை தங்கிய இடத்தில் அம்மனும் தங்கினாள் என்பது மக்கள் கருத்து.

1834 முதல் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அல்சூர் ஏரிக்கருகில் நிலைகொண்டது. அதன் வீரர்கள் படை வழக்கில் ‘தம்பிகள்’ என்றே அழைக்கப்பட்டனர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து தண்டு வரை இருப்புப்பாதை போடப்பட்டதும் வட ஆர்க்காட்டு மக்களுக்குப் பெங்களூரு ஓர் இரவுப் பயணத்துக்குள் அடங்கிவிட்டது. படைக்குப் பொருள் அளித்தவர், கட்டட ஒப்பந்தக்காரர், கொத்தனார், தச்சர், எழுத்தர், வீட்டுப் பணியாளர் எனத் தமிழ் பேசுவோர் தண்டில் பெருகினர். 1868இல் முடிவுற்ற அட்டாரா கச்சேரி என்னும் செந்நிறக் கட்டடத்தின் ஒப்பந்தத்தை ஏற்று நடத்தியவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். 1873இல் ஏழைச் சிறுவர்க்கென அவர் தொடங்கிய கல்விக்கூடம் பின்னர் ஆர்.பி.ஏ.என்.எம். என்னும் எழுத்துகளால் அறியப்படலாயிற்று. கட்டடத்தின் பெயர் பதினெட்டு அலுவலகங்களைக் குறிக்கும் உருதுத் தொடர்; வரைபடம் ஆங்கிலேயருடையது; கட்டி முடித்தவர் தமிழர்; அலுவல் மைசூர் அரசுடையது. தண்டின் கட்டடங்கள் பலவற்றின் வரலாறு இத்தகையதே.

1881இல் மைசூர் ஆட்சி உடையார் மரபிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது தண்டு மட்டும் ‘சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்’ என்னும் பெயரில் ஆங்கிலேயர் கையிலேயே நின்றது. 1947இல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சியாயின. எனவே, ஃபிரேசர் டவுன் உருவானபோது தண்டுக்கும் பேட்டைக்கும் இடையே இருந்தது வெறும் மொழி வேறுபாடன்று, ஆட்சி எல்லையுமாகும்.

வெள்ளை கறுப்பானது

தண்டின் நெருக்கமான பகுதி ஆங்கில ஆவணங்களில் ‘பிளாக்பள்ளி’ எனப்படும். இன்றைய சிவாஜி நகர் அது. ‘பிளி அக்கி ஹள்ளி’, அதாவது வெள்ளரிசி விளைந்த சிற்றூர் என்னும் கன்னடப் பெயரின் திரிபே இது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ‘பிளி’ என்பது கன்னடத்தில் வெண்மை. அது ஆங்கிலேயர் செவியில் கருமையாயிற்று. மொழியியலார் இதில் நோக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. பழங்கன்னடத்தின் மொழிமுதற் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று, ‘பள்ளி’ ‘ஹள்ளி’யாயிற்று. ஆனால் ஆங்கில வடிவத்தில் நிற்பது ஹள்ளியன்று, பள்ளியே. பெயரின் முதற்பகுதி கன்னடம். ஈறு தமிழர் ஒலிப்பு. முழுவடிவம் ஆங்கிலச் செவிப்பிழை. மூன்று மொழியினர் ஒரு தெருவில் நின்று பேசியதன் பதிவாக இதனைக் கொள்ளலாம்.

செஞ்சிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறித்தவர் இங்கு வாழ்ந்தனர் என்பது புனித மரியன்னை பேராலயத்தின் மரபு வரலாறு. செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் நடுவிடமும் ஆகும். அவ்வழிபாட்டுக்குரிய கோயிலை வடதமிழகத்தார் ‘தர்மராஜா கோயில்’ என்பர். சிவாஜி நகருக்கு அண்மையில் இன்றும் ‘தர்மராஜா கோயில் தெரு’ உள்ளது. பேட்டையிலோ கரகத் திருவிழாவுக்குப் பெயர்பெற்ற அதே வழிபாடு ‘தர்மராய சுவாமி’ என்னும் வடிவில் வழங்குகிறது. அன்றியும், தண்டின் தெருப்பெயர்களில் ‘கோயில்’ என்னும் சொல் மாறாமல் நிற்க, பேட்டைக்குத் தெற்கே எழுந்த குடியிருப்போ ‘பசவனகுடி’ எனக் குடி என்னும் சொல்லைக் கொண்டது. எந்தத் தெருவில் எம்மொழியினர் முதலில் வழிபட்டனர் என்பதை மக்கள்தொகைக் கணக்கைப் பாராமலே இவ்விரு சொற்களும் உணர்த்திவிடும்.

பிளேக்கும் நகரமைப்பும்

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் 1898 ஆகஸ்டில் இரயில் வழியே பெங்களூரை அடைந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பேட்டை சார்ந்த நகரத்தில் 69,447 பேரும் தண்டில் 89,599 பேரும் இருந்தனர். இரு தொகைகளும் 1891ஆம் ஆண்டுத் தொகைகளினும் குறைந்தவை. இறந்தோர் பலர், அஞ்சி ஊரை விட்டு நீங்கியோரும் பலர். ஆங்கிலச் சொல்லாகிய பிளேக் மக்கள் வழக்கில் தெய்வப் பெயரின் அடையாகவும் ஆயிற்று. பிளேக் மாரியம்மன் என்னும் பெயர் கோயம்புத்தூரிலும் உண்டு, கன்னட நாட்டிலும் உண்டு. நோய்க்கெனத் தனிச்சொல் ஆக்கும் முயற்சிகளுக்கு முன்னரே கடன்சொல் கருவறைக்குள் சென்றுவிட்டது.

நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1894இல் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துவது என்று 1898இல் சிமோன் கூறினார். எனினும், 1905 முதல் இந்தியாவில் நடைபெற்ற பிளேக் ஆய்வுக்குழுவின் சோதனைகளுக்குப் பின்னரே அக்கருத்து உறுதியாக ஏற்கப்பட்டது. இக்கால இடைவெளி பெங்களூரின் குடியிருப்புகளில் பதிந்துள்ளது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் அரசு அமைத்த மல்லேசுவரமும் பசவனகுடியும் நெருக்கமே நோய்க்குக் காரணம் என்னும் நம்பிக்கையில் பிறந்தவை. அகன்ற நேர்த்தெருக்கள், அவற்றைக் குறுக்கே வெட்டும் சிறுதெருக்கள், கோயில், பூங்கா, காற்று, வெளிச்சம் என்பனவே அவற்றின் இலக்கணம். சம்பிகே ரோடு, மார்கோசா ரோடு எனத் தெருக்கள் செண்பகத்தின் பெயரையும் வேம்பின் பெயரையும் பெற்றன. ஃபிரேசர் டவுனோ எலி குற்றவாளியாக நிறுவப்பட்டபின் பிறந்தது.

இதனைத் திட்டமிட்டவர் தண்டு நகராட்சியின் பொறியாளராகிய ஜே.எச். ஸ்டீபன்ஸ். 1914இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பே பெங்களூரில் ‘பிளேக் அண்டாத நகரமைப்பு’ என்னும் பொருளுடையது. நிலம் பாப்பரெட்டிப்பாளையம் என்னும் சிற்றூரைச் சார்ந்தது. மைசூரின் ஆங்கிலேய ரெசிடெண்டாகவும் அதற்குமுன் இளைய மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராகவும் இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயர் புதிய குடியிருப்புக்கு இடப்பட்டது. 1910 ஆகஸ்டில் ஃபிரேசரின் துணைவியார் அடிக்கல் நாட்டினார். அக்கல் பொதுப்பணித்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற கிருஷ்ணசாமி முதலியாரின் வீட்டுக்கு உரியது. ஓர் ஊரின் தொடக்க விழா ஒரு தனி வீட்டின் கால்கோள் விழாவாகவும் அமைந்தது. வீட்டுக்குரியவரோ கட்டடம் அறிந்தவர். விழா நினைவில் எஞ்சியது ஃபிரேசரின் பெயர்.

எலி புகாத வீடு

அக்காலப் பிளேக் தடுப்பாளர் வற்புறுத்திய கட்டட நெறிகள் எளியவை. மண்சுவரில் எலி வளை தோண்டும். எனவே கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு அடித்தளம் உயர்த்தப்பட வேண்டும். ஓட்டுக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெற்றிடம் எலிக்குப் புகலிடம். எனவே அது தவிர்க்கப்பட வேண்டும். சாக்கடை வாய்களுக்குக் கம்பிவலை வேண்டும். தானியம் வாழும் அறையில் சேமிக்கப்படலாகாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வெளி விடப்பட வேண்டும். இவற்றுள் இறுதியில் கூறியதே தமிழ் வீட்டமைப்பை மிகுதியும் மாற்றியது. தமிழகத்துத் தெருவீடுகள் பொதுச்சுவர் உடையவை. அவற்றின் முகம் திண்ணை. திண்ணை தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பது, வழிப்போக்கனுக்கும் உரியது. கன்னடத்து ‘ஜகலி’யும் இதனை ஒத்ததே. வீடுகள் தனித்து நிற்கத் தொடங்கி, முன்புறம் தோட்டமும் அதற்கு முன் மதிலும் வந்தபின் திண்ணைக்குத் தெரு எட்டாமற் போயிற்று. அதன் இடத்தை வராந்தா கைக்கொண்டது. வராந்தா வீட்டார்க்கு மட்டுமே உரியது.

தண்டின் பங்களாக்களைச் சிறப்பிக்கும் கூறு ‘மங்கி டாப்’ எனப்படும் மரவேலை. முகப்பு வளைவின் மீதும் சன்னல்களின் மீதும் கூம்பிய தொப்பிபோல் சரிந்து, மெல்லிய மரச்சட்டங்கள் செங்குத்தாக நிற்கும் இவ்வமைப்பு மழைச்சாரலையும் வெயிலையும் தடுத்துக் காற்றை விடும். குரங்கைத் தடுப்பதால் வந்த பெயர் என்பாரும் உளர். வடிவத்தால் வந்தது என்பாரும் உளர். 1977இல் ஜேனட் பாட் பெங்களூரின் பழைய பங்களாக்களை வரைந்து ஆங்கில நூலாக வெளியிட்டபின் இச்சொல் கட்டடக்கலை எழுத்துகளில் பரவலாயிற்று. இதனைக் ‘குரங்கு முடி’ என்றோ ‘வானர முகடு’ என்றோ தமிழாக்குதல் வேண்டாத வேலை. தச்சரும் வீட்டாரும் மங்கி டாப் என்றே கூறினர். தமிழ் எழுத்தில் அவ்வாறே எழுதி, ஒருமுறை விளக்கம் தருதலே தகும். மங்களூர் ஓடு, மெட்ராஸ் டெரஸ் என்பனவும் அவ்வாறே. செங்கல்லைக் குத்துநிலையில் அடுக்கிச் சுண்ணாம்பிட்டு மரவிட்டங்களின் மேல் தளமிடும் மெட்ராஸ் டெரஸ் எலிக்கு இடங்கொடாதது. ஓட்டுக்கூரையிலும் செலவு மிக்கது. ஆகவே பிளேக் அண்டாத வீடு என்பது பொருள் உடையார்க்கு அண்டிய வீடு.

வீட்டின் பின்புறத்தையும் நோக்குதல் வேண்டும். பிளேக் காலக் குடியிருப்புகளில் பின்பக்கமாக ஒரு குறுகிய சந்து விடப்படும். ஆங்கிலத்தில் அது ‘கன்சர்வன்சி லேன்’. பாதாளச் சாக்கடை வருமுன் எடுப்புக் கக்கூஸ்களைத் தூய்மை செய்வோர் வந்து சென்ற வழி அது. ‘கன்சர்வன்சி’ என்னும் அலுவல் மொழி அவர்கள் சுமந்தது இன்னதென்று கூறாது. ‘பாதுகாப்புச் சந்து’ என மொழிபெயர்த்தால் பிழை இருமடங்காகும். முன்வாயிலில் பெயர்ப்பலகை உடையவர் ‘குடியிருப்பாளர்’ எனப் பதிவு பெற்றார். பின்சந்தில் நாள்தோறும் வந்தவரின்றி அக்குடியிருப்பு ஒரு வாரமும் நலமாக இருந்திராது. ஆயினும், முதற்குடிகளின் பட்டியலில் அவர்க்கு இடமில்லை.

மனையும் மனெயும்

முதற்குடிகளாக அறியப்படுவோர் முதலியார், பிள்ளை குடும்பத்தினர், ஆங்கிலோ-இந்தியர், கச்சி மேமன் வணிகர் முதலியோர். இவருள் புகழ்மிக்கவர் ஹாஜி சர் இஸ்மாயில் சேட். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் நிற்கும் தெரு மாஸ்க் ரோடு. சிவாஜி நகரில் பெண்களுக்கென அவர் பெயரால் அமைந்த மருத்துவமனை கோஷா ஆஸ்பத்திரி. சென்னைத் திருவல்லிக்கேணியாரும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்னும் தொடரை நன்கறிவர். ஆனால் ‘சேட்’ என்னும் சிறப்புப்பெயரைத் தமிழ்ப் பேச்சில் வட்டிக்கடைக்காரரைக் குறிக்கும் ‘சேட்டு’ எனக் கொள்ளுதல் பெருந்தவறாகும். கச்சி மேமன் மரபில் அது வணிகர்க்குரிய மதிப்புப்பெயர்.

ஃபிரேசர் டவுன் ஆவணங்களைக் கன்னடத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் தடை அருஞ்சொற்களில் இல்லை. தெரிந்த சொற்களில் உள்ளது. தமிழ்ப் பத்திரங்களில் ‘மனை’ என்பது வீடு கட்டற்குரிய நிலப்பகுதி. கன்னடத்தில் ‘மனெ’ என்பது வீடு. நிலப்பகுதியைப் பெங்களூர்த் தமிழர் ‘சைட்’ என்பர். கன்னட அலுவல் மொழி ‘நிவேசன’ என்னும். மனை வாங்கினார் என்பதும் மனெ வாங்கினார் என்பதும் இருவேறு செய்திகள். 1910இல் இவ்வேறுபாடு ஒருவரின் செல்வநிலையையே மாற்றிக் கூறிவிடும். கன்னடத்துக் ‘கேரி’யும் தமிழ்ச் ‘சேரி’யும் ஒருவேர்ச் சொற்கள், ககரம் சகரமான தமிழ் மாற்றத்திற்கு நல்ல சான்று. ஆயினும் கேரி என்பது தெரு அல்லது குடியிருப்புப் பகுதி. சேரியோ இன்றைய தமிழில் ஒடுக்கப்பட்டோர் வாழிடம், குடிசைப்பகுதி என்னும் பொருளுக்குக் குறுகிவிட்டது. கேரியைச் சேரியாக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒரு தெருவாரின் சாதியையும் வறுமையையும் தாமே எழுதிவிடுகிறார். ஒரே முற்றத்தைச் சூழ்ந்து பல குடும்பங்கள் வாடகைக்கு வாழும் வரிசைவீடு தமிழர் செவியில் ‘வட்டார’ என விழும் கன்னடச் சொல்லால் குறிக்கப்படும். நம் ‘வட்டாரம்’ அதற்கு உதவாது. சென்னையார் ‘ஸ்டோர்’ எனவும் பிற ஊரார் ‘லைன் வீடு’ எனவும் வழங்குவதே அதற்கு நெருங்கியது.

நகராட்சி ஆங்கிலத்தின் அடைமொழிகளும் இவ்வாறே கருதத்தக்கன. பிளாக்பள்ளியைப் பற்றிய குறிப்புகளில் ‘நெருக்கம்’, ‘சுகாதாரக்கேடு’ என்னும் பொருள்தரும் சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். அங்கு வாழ்ந்தவர் தம் தெருவைக் கோயிலாலும் தொழிலாலும் பெயரிட்டனரேயன்றி நெருக்கத்தாற் பெயரிடவில்லை. அதிகாரியின் மதிப்பீட்டை அதிகாரியின் கூற்றாகவே மொழிபெயர்த்தல் வேண்டும், ஊரின் இயல்பாக்கிவிடலாகாது.

டவுன், நகர்

இனி ‘டவுன்’ என்னும் சொல். ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன், பென்சன் டவுன், கிளீவ்லேண்ட் டவுன், லாங்ஃபோர்டு டவுன் எனத் தண்டில் இச்சொல் ஒரு வகைப்பெயராயிற்று. இது ஊரோ நகரமோ அன்று. அளந்து வகுத்து மனைகளாக விற்கப்பட்ட குடியிருப்பு. மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் போன்றவை எளிய வருவாயினர்க்கெனச் சிறு வீடுகளோடு அமைந்தவை, அவையும் டவுன்களே. எல்லைக்கு அப்பால் மைசூர் அரசின் நகரில் இதே வகைக் குடியிருப்பு ‘எக்ஸ்டென்ஷன்’ எனவும் கன்னடத்தில் ‘படாவணெ’ எனவும் வழங்கியது. ஆகவே ஓர் ஆவணத்தில் டவுன் என்றிருப்பின் அது ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட பக்கத்தைச் சுட்டுகிறது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். ‘ஃபிரேசர் நகர்’ என்று தமிழாக்கினால் இவ்வெல்லைக்கோடு அழிந்துவிடும்.

1980களின் இறுதியில் ஃபிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2008 முதல் அது சட்டமன்றத் தொகுதியின் பெயருமாயிற்று. வாதாபியை ஆண்ட சாளுக்கிய வேந்தன் பெயர் கர்நாடகத்தில் ஒரு குடியிருப்புக்கு இடப்படுவது இயல்பே. ரெசிடெண்ட் ஒருவரின் பெயரைக் காத்து நிற்கக் காரணமும் இல்லை. ‘வாதாபி கொண்ட’ நரசிம்மவர்மனைப் பள்ளிப் பாடத்தில் பயின்ற தமிழ்க் குடும்பங்கள் அவன் பகைவன் பெயரில் முகவரி எழுத நேர்ந்தது வரலாற்றின் சிறு குறும்பு. ஆயினும் இம்மாற்றத்தில் உண்மையாக மறைந்தது ஃபிரேசர் அல்லர். அவர் பெயர் கடைப்பலகைகளிலும் பேச்சிலும் நிலைத்துள்ளது. இருமுறை மறைக்கப்பட்டது பாப்பரெட்டிப்பாளையம். பாளையம் என்பதும் படைவீடு என்னும் பழம்பொருள் உடையதே. கன்னடத்தில் ‘பாள்ய’ எனக் குறுகிச் சிற்றூரைக் குறிக்கும். தண்டு வருமுன்னரே படைச்சொல் ஒன்று அந்நிலத்தில் குடியிருந்தது.

மொழிபெயர்ப்பில் பின்பற்றத்தக்க நெறி பெரும்பாலும் காலத்தைப் பொறுத்தது. 1910க்கு முற்பட்ட செய்திக்குப் பாப்பரெட்டிப்பாளையம், அதற்குப் பிற்பட்டதற்கு ஃபிரேசர் டவுன், தொகுதியைப் பற்றிய செய்திக்குப் புலிகேசி நகர் என மூலத்தின் காலப்பெயரையே நிறுத்துதல் நன்று. ஒரே நூலில் ஒரே பெயரை ஆளுதல் எளிதேயாயினும் அது மூன்று காலங்களை ஒன்றாக்கிவிடும்.

தனி மனிதர் பெயர்களுக்கு நேர்ந்தது வேறு. அவை மாற்றப்படவில்லை; சுருக்கப்பட்டன. ஓல்டு புவர் ஹவுஸ் ரோடு ஓ.பி.எச். ரோடு ஆனதும் அங்கிருந்த ஏழையர் விடுதி நினைவிலிருந்து நீங்கிற்று. ஃபிரேசர் டவுனின் நடுத்தெருக்களுள் ஒன்று எம்.எம். ரோடு. ஆட்டோ ஓட்டுநர்க்கும் அஞ்சல்காரர்க்கும் அவ்விரு எழுத்துகள் போதும். அவற்றின் விரிவு மாதவராய முதலியார். பழைய பங்களாக்கள் பல அத்தெருவிலும் அதனைச் சுற்றியும் இடிக்கப்பட்டு அடுக்குமாடி வீடுகளாயின. ஸ்டீபன்ஸின் பெயருக்கு மட்டும் இன்னும் சுருக்கம் நேரவில்லை. மாஸ்க் ரோட்டிலிருந்து சற்றே நடந்தால் ஸ்டீபன்ஸ் ரோடு வரும்.